எட்டு ஐந்துக்கு மறைந்த புள்ளி

ஜனவரி 12, ஞாயிறு

ரேணுகா இன்று முதல் தடவையாகப் பாய்மரப் படகில் ஏறினாள். நான் கரையில் நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் பள்ளி நாட்களில் கிணற்றில் அடித்த நீச்சல்தான்.

படகு ஜெசிந்தாவுடையது. பதினான்கு அடி, ஃபைபர், ஒரே பாய். பெயர் சிட்டு. ஜெசிந்தா தூத்துக்குடிக்காரர், பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ரேணுகாவுக்கு வந்த அதே புற்றுநோய் எட்டு வருடம் முன்பு அவருக்கும் வந்தது. போன வருடம் மருந்து ஏற்றும் ஹாலில் ரேணுகா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, யாரும் கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர். "முடி முளைக்கட்டும்ட்டி, ஒன்னய கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாராம். முடி இப்போது காது வரை வளர்ந்துவிட்டது.

டாக்டரிடம் கேட்டேன். "உங்க வைஃப் தாராளமா போகட்டும் சார். அறுவை பண்ண பக்கம் கை நல்லா அசையும்" என்றார். மார்ச் மாதம் ஸ்கேன். அதுவரை கேள்வி எதுவும் வேண்டாம் என்று நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

படகு கோவளம் கழிமுகத்தில் நாற்பது நிமிடம் சுற்றிவிட்டுத் திரும்பியது. ரேணுகாவின் புடவை... இல்லை, அவள் இன்று சல்வார். முழுக்க நனைந்திருந்தாள். பற்கள் எல்லாம் தெரியச் சிரித்தாள்.

மாலை: காஸ் சிலிண்டர் மாற்றினேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பொங்கி முடித்த பிறகு சும்மாதான் இருந்தேன். படகு ஓட்டுபவர்களுக்கு உதவும் செயலிகள் என்று போனில் தேடினேன். ஏராளமாக இருக்கின்றன. மூன்றை இறக்கினேன்.

ஒன்று காற்று. கடல் முழுக்க நிற நிறமாக அம்புகள் ஓடுகின்றன; பச்சை என்றால் பாய்மரப் படகுக்குச் சரி, ஆரஞ்சு என்றால் போகக்கூடாது. இரண்டாவது ஓதம், அதாவது கடல்நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம். மூன்றாவது கடல் வரைபடம். ஆழம், பாறை எல்லாம் காட்டுகிறது.

முப்பத்து மூன்று வருடம் ரயில்வேயில் செக்‌ஷன் கண்ட்ரோலராக இருந்தவனுக்கு இதெல்லாம் புதிதல்ல. எந்த வண்டி எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு எந்த ஸ்டேஷனைத் தாண்டும் என்று ஓர் அறையில் உட்கார்ந்தபடி கோடு கோடாக வரைந்தவன். கண்ணால் வண்டியைப் பார்க்கவே வேண்டாம்.

ரேணுகா எட்டிப் பார்த்தாள். "ரிட்டயர் ஆனாலும் டூட்டி முடியலையா?" என்றாள்.

பொழுதுபோக்கு என்றேன்.

ஜனவரி 19, ஞாயிறு

ஓதச் செயலி இன்று கைகொடுத்தது. அதாவது, அது சொன்னதை யாரும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்குத் தண்ணீர் வற்றும், முகத்துவாரத்தில் மணல் தட்டும் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். "அண்ணாச்சி, நான் பொறந்ததே கடக்கரையில. ஃபோன் வந்து எனக்குத் தண்ணி சொல்லிக் குடுக்குமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். ஒன்பதரைக்கு இருவரும் மணல் திட்டில் மாட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மீன் இறக்கிவிட்டு வந்த தேசிங்கு என்பவர் தன் ஃபைபர் போட்டில் கயிறு கட்டி இழுத்துவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கோவளம் குப்பத்துக்காரர்.

"தூத்துக்குடித் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேறம்மா" என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். பிறகு என் போனை வாங்கிப் பார்த்தார். "இது துறைமுகத்து டயம் சார். இங்க முக்கா மணி நேரம் லேட்டாதான் வத்தும்."

குறித்துக்கொண்டேன். மெயின் லைன் நேரத்தையும் கிளை லைன் நேரத்தையும் ஒன்றாக நினைத்தது என் தவறு. தேசிங்கின் எண்ணையும் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் பார்த்தோம். காற்று ஆரஞ்சு. படகு இல்லை. நிம்மதியான நாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இப்போது கழிமுகத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகிறார்கள். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒன்றரை. பாய் முதலில் கைக்குட்டை அளவு தெரியும், பிறகு தபால்தலை அளவு, பிறகு தெரியாது.

இருக்கும் இடத்தைத் தொடர்ந்து அனுப்பும் செயலி ஒன்று இருக்கிறது. ஒருவர் போனில் போட்டால் மற்றவர் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும். வேகம், திசை, நேரம் எல்லாம் வரும். ரேணுகாவின் போனில் அதை நிறுவினேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை அனுப்ப வேண்டும் என்று கேட்டது. ஐந்து விநாடி என்று வைத்தேன்.

அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

புள்ளி மிக ஒழுங்காக வருகிறது. 6.40க்குக் கிளம்பியது. 7.15க்குக் கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். 7.15 முதல் 7.38 வரை அசையவில்லை. பிறகு திரும்பியது. பழைய வழக்கப்படி வரைபடத்தாளில் கோடு போட்டு வைத்தேன்.

சாப்பிடும்போது கேட்டேன்: "அங்க எதுக்கு இருபத்திமூணு நிமிஷம் நின்னீங்க?"

ரேணுகா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "எங்க?"

"கடல்லதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மொட்டை மாடியிலேர்ந்து பாத்தேன்."

"ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கிற படகு நிக்கிறது தெரிஞ்சுதா? பேப்பர் படிக்கவே கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்குறீங்க."

அப்பளம் நன்றாகப் பொரிந்திருக்கிறது என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. ஏன் நின்றார்கள் என்பதையும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அடுத்த ஞாயிறு மாமல்லபுரம் வரை போகப்போகிறார்கள். கோவளத்திலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர். விடியலில், நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் கரைக்காற்றில் கிளம்பிப் பத்து மணிக்குள் போய்ச் சேருவது. தேசிங்கும் "ரெண்டு கிலோமீட்டருக்கு மேல உள்ள போவாத, கரைய பாத்துக்கினே போம்மா" என்று சொல்லிச் சம்மதித்துவிட்டார். கடலோரக் காவல் நிலையத்தில் ஜெசிந்தா எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லாம் முறைப்படி நடக்கிறது.

இந்தக் கரையின் வரைபடம் முழுவதையும் என் போனில் இறக்கி வைத்தேன். சிக்னல் இல்லாவிட்டாலும் திறக்கும். நான் எங்கும் போகப்போவதில்லை. இருந்தாலும் இறக்கினேன்.

பிப்ரவரி 22, சனி

ரேணுகாவுடன் சண்டை. எழுதும் அளவுக்கு ஒன்றுமில்லை.

நாளைக்கு அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்யச் சொன்னேன். நங்கூரம் நழுவினால் அலறும் செயலி, ஆபத்து என்றால் ஒரே அழுத்தில் ஐந்து பேருக்குச் செய்தி அனுப்பும் செயலி, இரண்டையும் அவள் போனில் போடச் சொன்னேன். இவை நியாயமான கோரிக்கைகள்.

"நான் உங்க செக்‌ஷன்ல ஓடுற வண்டி இல்லங்க" என்றாள்.

"அப்படி யார் சொன்னா?"

"ஆறு மாசம் ஆஸ்பத்திரியில ஊசி குத்தினாங்க, படம் எடுத்தாங்க, அளந்தாங்க, எழுதினாங்க. தூங்கினா எழுப்பிப் பிரஷர் பாத்தாங்க. கடல்ல மட்டும்தான் யாரும் என்னைய அளக்கல. அங்கயும் வரணுமா நீங்க?"

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆனா ஆவுது. நாளைக்குப் போனை அணைச்சிட்டுத்தான் போவேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு நான் ஹாலில் படுத்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாலை ஐந்து மணி. எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள். முதலில் இதை எழுதிவிட வேண்டும்.

5.30க்கு அவள் போனில் சார்ஜ் நூறு. 6.15க்குப் படகு கிளம்பியது. அவள் என்னிடம் பேசவில்லை, ஆனால் டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டாள். போனை அணைக்கவும் இல்லை. கடல் வரைபடத்தைத் திறந்து, தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். நான் வீட்டுக்கு வந்து புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்ல கரைக்காற்று. மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம். 7.30க்கு நெம்மேலிக்கு நேர் எதிரே. கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் போனார்கள், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர்.

7.41க்கு வேகம் இரண்டுக்கு இறங்கியது. திசை மாறியது. தெற்கே போன புள்ளி கிழக்கும் வடகிழக்குமாக நகர ஆரம்பித்தது.

இன்ஜின் கழன்ற வேகன் சரிவில் தானாக உருளும்போது அதன் கோடு ஒரு மாதிரி இருக்கும். ஓட்டுபவர் இருந்தால் வேகம் கூடும், குறையும், நிற்கும். ஓட்டுபவர் இல்லாத வண்டி ஒரே சீராகப் போகும். இந்தப் புள்ளி அப்படி ஒரே சீராகப் போனது.

8.05க்குப் புள்ளி மறைந்தது.

அணைத்துவிட்டாள், சொன்னபடி செய்துவிட்டாள் என்று நினைத்தேன். 8.05 முதல் 8.40 வரை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு அவள் எண்ணுக்கு அழைத்தேன். அணைக்கப்பட்டிருக்கிறது என்றது. ஜெசிந்தா எண் தொடர்பு எல்லைக்கு வெளியே. கடலோரக் காவலின் உதவி எண்ணுக்குச் சொன்னேன். இடத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, படகை அனுப்புகிறோம் என்றார்கள். மாமல்லபுரம் பக்கமிருந்து வர வேண்டும். தேசிங்கை அழைத்தேன். ஸ்கூட்டரில் கரைக்குப் போனபோது 8.55.

தேசிங்கு மீனை இறக்கிவிட்டு வலையை உதறிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் வலையைக் கீழே போட்டார்.

"இன்னா சார், அம்மாங்களா?"

போனைக் காட்டினேன். கடைசி இடம், நேரம், போன திசை. ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது ஓட்டிக்கினு போறது இல்ல சார். அடிச்சிக்கினு போவுது. ஏறு."

"நானா?"

"கணக்கு உன் கையிலதானே கீது? எனக்கு அத்த யாரு படிச்சிக் காட்றது? ஏறு சார்!"

ஏறினேன். எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. ஒரு செருப்பு கரையிலேயே கிடந்தது. தேசிங்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டை என் தலைவழியே மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினார். இன்ஜினை முடுக்கினார். முதல் அலையில் படகு நிமிர்ந்து விழுந்தபோது என் முதுகெலும்பு பல் வரை அதிர்ந்தது. இரண்டாவது அலையில் காலைக் காப்பி வெளியே வந்தது. போனை மட்டும் விடவில்லை.

கணக்கு இதுதான். மணிக்கு இரண்டு கிலோமீட்டர், வடகிழக்கு. நாங்கள் போய்ச் சேர 9.30 ஆகும். அப்படியென்றால் மறைந்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் வடகிழக்கே இருக்க வேண்டும். வரைபடத்தில் விரலால் குறித்துத் தேசிங்கிடம் காட்டினேன். சிக்னல் ஒரு கோடாகி, அதுவும் போய்விட்டது. இறக்கி வைத்த வரைபடம் மட்டும் வேலை செய்தது. அதில் நாங்கள் ஒரு சிறு அம்புக்குறியாக ஊர்ந்துகொண்டிருந்தோம்.

அந்த இடத்துக்குப் போனோம். ஒன்றுமில்லை. நாலு பக்கமும் தண்ணீர். கிழக்கே வெயில் தண்ணீரில் விழுந்து கண் கூசியது. கரை ஒரு மெல்லிய பழுப்புக் கோடு.

தேசிங்கு இன்ஜினை அணைத்தார். கையைத் தண்ணீரில் விட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக் காற்றைப் பார்த்தார்.

"காத்து எப்ப செத்துச்சு?" என்று கேட்டார்.

காற்றுச் செயலியில் கடைசியாகப் பார்த்தது நினைவிருந்தது. "ஒம்பது மணிக்குக் கரைக்காத்து நிக்கும்னு போட்டிருந்தது."

"அப்ப ஒம்பது மணிக்கு மேல காத்து தள்ளல சார். தண்ணிதான் இழுத்திருக்கும். இப்ப தெண்டி ஓடுது, தெக்கேர்ந்து நேரா வடக்க இழுக்கிற தண்ணி. நீ ரொம்ப கெயக்கால வந்துட்ட. ஒம்பது மணி வரைக்கும் கணக்கு போட்டு நிறுத்து, அதுக்கு மேல வடக்க திருப்பு."

மறுபடி போட்டேன். படகு குலுங்கியதில் வரைபடம் இரண்டு தடவை ஆந்திரா பக்கம் நழுவிப் போனது. 55 நிமிடம் வடகிழக்கே, பிறகு 35 நிமிடம் நேர் வடக்கே. ஒரு இடம் கிடைத்தது. தேசிங்கு மேற்கே திருப்பி ஓட்டினார்.

9.52க்கு அவர்தான் முதலில் பார்த்தார். துடுப்பு ஒன்றை நிமிர்த்தி, அதன் நுனியில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கட்டி யாரோ ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தர்தான் நிக்கிறாங்க" என்றார் தேசிங்கு.

அடுத்த இரண்டு நிமிடங்களைப் பற்றி எழுதப்போவதில்லை.

நின்றது ரேணுகா. ஜெசிந்தா படகுக்குள் படுத்திருந்தார். வலது தோள் இறங்கி, முகம் சாம்பலாக இருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. தன் ஜாக்கெட்டைத்தான் ரேணுகா துடுப்பில் கட்டியிருக்கிறாள். உதடு வெளுத்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள், பிறகு தேசிங்கைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க? உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே?" என்று கத்தினாள்.

ஜெசிந்தா கீழே இருந்தபடி, "ஏட்டி, வந்த மனுசன ஏசாத. மொதல்ல என்னையத் தூக்குங்க" என்றார்.

கரைக்கு வரும் வழியில் ரேணுகா சொன்னது: 7.40க்குச் சுக்கான் முறிந்து, அதே நேரம் ஒரு காற்று அடித்துப் படகு கவிழ்ந்திருக்கிறது. பாய்மரம் ஜெசிந்தாவின் தோளில் விழுந்தது. ஜெசிந்தா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல, ரேணுகா தனியாக, கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று, தன் முழு எடையையும் போட்டு நிமிர்த்தியிருக்கிறாள். அறுவை செய்த பக்கத்துக் கையால்தான் கயிற்றைப் பிடித்தாளாம். பிறகு ஜெசிந்தாவை உள்ளே இழுத்துப் போட்டாள். ஜெசிந்தாவின் போன் இருந்த டப்பா மிதந்து போய்விட்டது.

நான் தேசிங்குக்கு நன்றி சொன்னேன். அவர் காவல் படகுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

ஜெசிந்தாவுக்கு ஆஸ்பத்திரியில் தோளைப் பொருத்திவிட்டார்கள். ரேணுகா தூங்குகிறாள். மூன்று தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 8.05 முதல் 8.40 வரை நான் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

சோபாவில் உட்கார்ந்திருந்தேன். அது உருளும் வண்டி என்று எனக்கு 7.50க்கே தெரியும். அழைக்கலாமா என்று போனை எடுத்தேன். அணைத்துவிட்டுப் போனவளை நான் தேடப்போய், ஆளனுப்பி, காவல் படகு அனுப்பி, அவள் மாமல்லபுரத்தில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தால்? 'இங்கயும் வந்துட்டீங்களா' என்று பார்ப்பாளே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். முப்பத்தைந்து நிமிடம் பயந்தேன். பணியில் இருந்த காலத்தில் ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் என் பெயரில் விசாரணை வந்திருக்கும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

அவள் போனை அரிசி டப்பாவில் இரண்டு நாள் போட்டு வைத்தேன். இன்று சார்ஜில் போட்டதும் உயிர் வந்தது. நனையவே இல்லை, பை நன்றாக வேலை செய்திருக்கிறது. அணைந்ததற்குக் காரணம் தண்ணீர் அல்ல.

சார்ஜ் எதில் போனது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். கடல் வரைபடம் முப்பத்தொன்று சதவீதம். நான் நிறுவியது, ஐந்து விநாடிக்கு ஒரு முறை இடத்தை அனுப்பியது, நாற்பத்தாறு சதவீதம்.

ரேணுகா நேற்றுச் சொன்னாள்: ஜெசிந்தாவைப் படகில் ஏற்றிவிட்டுப் போனை எடுத்து என் எண்ணை அழுத்தியதும் திரை கருத்துப் போனதாம். "ஒரு தடவை ரிங் போயிருந்தாக்கூட போதும்னு நெனச்சேன்."

பிப்ரவரி 28, வெள்ளி

ஜெசிந்தாவுக்கு மீன் குழம்பு எடுத்துப் போனோம். நான் வைத்தது. கையில் கட்டோடு இருந்தார். ரேணுகா சமையலறைக்குப் போனதும் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, சட்ட மாட்டாத ஆணி மாதிரி இருக்கீரு. என்ன, மனசுல எதாச்சும் கெடக்கா?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன்.

"ஒன்னுமில்லன்னா நல்லதுதான். எதாச்சும் இருந்தா அவகிட்ட சொல்லிரும். அவ கடலையே தாங்கிட்டா. நீரு சொல்றதயா தாங்க மாட்டா?"

குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

மார்ச் 3, திங்கள்

சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஸ்கேன். ஏழரைக்குப் போய்ப் பன்னிரண்டரைக்குத் திரும்பினோம். முடிவு வியாழன். வழியில் பழைய துணிகளை இஸ்திரிக்குப் போட்டேன். ரேணுகா மாலையில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினாள், ஒரே அளவுத் துண்டுகளாக, ஒரு குண்டான் நிறைய. வீட்டில் இரண்டே பேர்.

மார்ச் 13, வியாழன்

டாக்டர் கணினித் திரையைப் பார்த்தார். பார்த்தார். நான் அவர் கைக்கடிகாரத்தின் பட்டையில் இருந்த தையல்களை எண்ணினேன். பதினேழு.

"சுத்தமா இருக்கும்மா. ஒன்னுமில்ல. இனிமே ஆறு மாசம் கழிச்சு வாங்க."

ரேணுகா "சரிங்க டாக்டர்" என்று எழுந்தாள், கடையில் மீதிப் பொருள் அடுத்த வாரம் வரும் என்று சொல்லக் கேட்டவள் போல. வெளியே வந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜூஸ் கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. கடைக்காரர் கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். சாத்துக்குடி வந்தது. இருவரும் குடித்தோம். இவ்வளவு இனிப்பான சாத்துக்குடியை நான் குடித்ததில்லை.

அப்போது சொன்னேன். ஏன் அப்போது என்று தெரியவில்லை. இனிமேல் ஒளித்து வைக்க இடம் இல்லாதது போல இருந்தது.

"ரேணு, உன் போன்ல நான் ஒரு ஆப் போட்டு வச்சிருந்தேன். உன்கிட்ட சொல்லாம. நீ எங்க இருக்கன்னு பாக்குறதுக்கு."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"இருபத்திமூணு நிமிஷம்னு சொன்னீங்களே, மறுநாளே ஜெசிகிட்டக் காட்டினேன். அவ கண்டுபிடிச்சா. அழிச்சிடுட்டின்னு சொன்னா. நான்தான் இருக்கட்டும்னேன்."

"ஏன்? சண்டை போட்டியே."

"அது வேற." டம்ளரில் இருந்த விதையை ஸ்ட்ராவால் நகர்த்தினாள். "கீமோ எடுக்கிறப்போ கண்ணாடிக்கு வெளிய நின்னுட்டே இருப்பீங்க. உள்ள வராதீங்கன்னு நான்தான் சொன்னேன். ஆனா கண்ணு முழிச்சதும் நீங்க நிக்கிறீங்களான்னுதான் பாப்பேன். உள்ளயும் வரக்கூடாது, போயிடவும் கூடாது. எனக்கே புரியல, உங்களுக்கு எப்படிச் சொல்றது?"

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொன்னேன். "அன்னிக்கு உன் போன் செத்ததுக்கு அதுதான் காரணம். பாதி சார்ஜை அதுதான் தின்னிருக்கு. அடுத்த செவ்வாயே எனக்குத் தெரியும். அப்புறம் புள்ளி மறைஞ்சும் நான் முப்பத்தஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். நீ அணைச்சிட்டன்னு நெனச்சு."

சாலையில் இரண்டு பஸ் போனது. எங்களுடையது இரண்டும்.

"ஜெசி வலியில முனகிட்டுக் கெடந்தா," என்றாள் கடைசியில். "அந்தக் கருப்புத் திரையப் பாத்து நான் என்னவெல்லாம் திட்டினேன் தெரியுமா? அந்தத் திட்டெல்லாம் உங்களுக்குத்தான் போலிருக்கு."

"ஆமா."

"தெரிஞ்சும் ரெண்டு வாரம் சொல்லாம இருந்தீங்க. அதுக்குத்தான் கோவம் வருது. போட்டதுக்கு இல்ல."

"ஆமா."

"சும்மா ஆமா ஆமான்னு சொல்லாதீங்க." எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போனைக் குடுங்க. நீங்களே அழிங்க, என் கண்ணு முன்னாடி."

அழித்தேன். அது 'உறுதியாகவா?' என்று கேட்டது. அவள்தான் 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கோவளம் ஸ்டாப் தாண்டியும் எழுப்பவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்ப ஆட்டோவில் வந்தோம். அதற்கும் திட்டு வாங்கினேன்.

மார்ச் 23, ஞாயிறு

தேசிங்கும் ஒரு ஃபைபர் மேஸ்திரியும் சேர்ந்து சிட்டுக்குப் புதுச் சுக்கான் பொருத்தினார்கள். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ரேணுகாவுக்குத் தேசிங்கு சுக்கான் இல்லாமல் துடுப்பால் படகைத் திருப்பக் கற்றுத் தந்தார். ஜெசிந்தா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இருவரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழ்க்கண்டவை முடிவாயின. முடிவு செய்தது ரேணுகா. படகில் இரண்டு போன். ஒன்று அணைத்தே இருக்கும், ஆபத்துக்கு மட்டும். சார்ஜ் ஏற்றும் சிறு பேட்டரி ஒன்று பையில். இடத்தை அவளே அனுப்புவாள், வேண்டும்போது, இரண்டு மணி நேரத்துக்கு. காற்றையும் ஓதத்தையும் முதல் நாள் மாலை நான் பார்த்துச் சொல்லலாம். சொன்ன நேரத்துக்குக் கால் மணி தாண்டினால் யாரையும் கேட்காமல் தேசிங்கைக் கூப்பிட வேண்டும். பயப்படக்கூடாது.

எதற்குப் பயப்படக்கூடாது என்று கேட்டேன். "எனக்கு" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

காற்று பச்சை. தண்ணீர் ஏறுமுகம். இருவரும் 6.30க்குக் கிளம்பினார்கள், ஜெசிந்தா சும்மா உட்கார, ரேணுகா ஓட்ட. ஒன்பது மணிக்குள் வருவதாகப் பேச்சு. 6.34க்கு அவள் அனுப்பிய இடம் வந்தது. பார்த்தேன். கழிமுகத்தில்தான் இருந்தார்கள்.

முடி வெட்டி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. மார்க்கெட் தெரு சலூனுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், முறை வர ஏழேமுக்கால் ஆயிற்று. முடி வெட்டுபவர் துணியைக் கழுத்தில் கட்டி, முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்டார். வானொலியில் யாரோ கத்தரிக்காயில் பூச்சி விழாமல் காப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சார், முடிஞ்சுது சார்" என்று தோளைத் தட்டி எழுப்பியபோதுதான் தூங்கியது தெரிந்தது. கண்ணாடியில் வேறு யாரோ போல இருந்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். ரேணுகாவிடமிருந்து இருபது நிமிடத்துக்கு முன்பே ஒரு செய்தி வந்திருந்தது.

"கரைக்கு வந்தாச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

சலூனில், என்று பதில் போட்டேன்.